செல்லாச்சொல்

காமிட்டிச் சிறையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு
திருப்பித் தந்தார்கள்:
ஒரு பெல்ட், உடைந்த கைப்பேசி, நூற்றுப் பத்து ஷில்லிங்.
பதினோரு வருஷம்.
வாயை யாரும் சோதனை போடவில்லை.
உள்ளே இருந்தது அப்படியே இருக்கிறது என்று
நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

முத்தூர்வா நிறுத்தத்தில் ஒரு பழைய முதலாளி
ஐம்பத்தெட்டாம் நம்பர் மட்டாட்டுவின் படிக்கட்டைக் கொடுத்தார்.
முதல் நடை.
கதவில் தொங்கியபடி, பழக்கதோஷம்,
"புருபுரு ம்பாவ்! ம்பாவ்! ம்பாவ்!"

பள்ளிக்கூடத்துச் சுவாஹிலியில் அது மரப்பலகை.
எங்கள் வாயில் இருபது ஷில்லிங்.
இன்றைய கட்டணம் எண்பது.
விவரம் தெரிந்த நாலு கிழவிகள்
ஏறி உட்கார்ந்துகொண்டு இருபதை நீட்டினார்கள்.
"நீதானே கூவினே?"
புருபுரு வரைக்கும் சண்டை.

ஒரு காலத்தில்
ஒரே ஒரு வசவு போதும் எனக்கு.
திட்டுகிறவன் டண்டோராவா, கலோலேனியா,
எந்தத் தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பவன்
எல்லாம் சொல்லிவிடுவேன்.
வெஸ்ட்லண்ட்ஸ் பிள்ளைகள்
ஆங்கிலத்தை மூக்கால் சலித்துப் பேசுவார்கள்.
நாங்கள் சுவாஹிலியின் தலையை வெட்டி
வாலில் ஒட்டினோம்.
அப்பனுக்குப் புரியக்கூடாது.
போலீசுக்குப் புரியவே கூடாது.
வேறு இலக்கணம் கிடையாது.

இப்போது ஓட்டுநர் ஒடிபோவுக்கு
இருபத்திரண்டு வயது.
நான் போகும்போது மூக்கு ஒழுகிக்கொண்டிருந்திருப்பான்.
இரண்டு நாள் என் பேச்சைக் கேட்டுவிட்டு
மரியாதையாகத்தான் கேட்டான்:
"அண்ணே, நீங்க டான்சானியாவா?"
"இதே ரோடுடா."
நம்பவில்லை.
பின்சீட்டில் பள்ளிச் சீருடையில் நியோகாபி
சிரிப்பைப் புத்தகப்பையில் ஒளித்தாள்.

வியாழக்கிழமை.
பதினாலு பேர் வண்டியில் இருபத்தொன்று.
ஜோகூ சாலை வளைவில் நீலச் சட்டை தெரிந்தது.
தொண்டை கிழியக் கத்தினேன்:
"சான்ஸே! சான்ஸே!"

"என்ன சான்ஸ்?" என்றான் ஒடிபோ.
கேட்டுக்கொண்டே நேராகக் கொண்டுபோய்
போலீஸ்காரர் தொப்பைக்கு முன்னால் நிறுத்தினான்.

நரைத்த மீசை உள்ளே எட்டிப் பார்த்தது.
"யார்டா அவன், சான்ஸேன்னு கத்தினது?"
பேருந்து மொத்தமும் என்னைக் காட்டிக்கொடுத்தது.
அந்த மனுஷன் முகம் விரிந்தது பாருங்கள்.
"இந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை வருஷமாச்சு!
எந்தப் பக்கம் நீ?"
"பஹாதி."
"நான் மகோங்கேனி!"

பத்து நிமிஷம்.
அவர் ஒன்று எடுத்துவிட நான் ஒன்று எடுத்துவிட,
காசுக்கு நாங்கள் வைத்த அத்தனை பெயரும்,
பெண்ணுக்கு, ரொட்டிக்கு, ஓடிப்போவதற்கு,
செத்தவனுக்குக்கூட ஒன்று இருந்தது.
பயணிகள் உச்சுக்கொட்டினார்கள்.
எனக்குக் கண் கலங்கியதற்குப் புகைதான் காரணம்
என்று வைத்துக்கொள்ளலாம்.

யாரிடமிருந்து மறைக்க இதைக் கட்டினோமோ
அவன் ஒருத்தனிடம்தான் இது செல்லுபடி.

வழக்கமான மாமூல் இருநூறு.
"ஒரு ஃபின்ஜே கொடு போதும்" என்றார்,
"பழைய சொல்லுக்குப் பழைய விலை."
ஐம்பதைச் சுருட்டிக் கையில் வைத்தேன்.
விட்டுவிடுவார் என்று ஒரு கணம் நினைத்தேன்தான்.

அடுத்த வாரம் நியோகாபியின் கூட்டம்
ஏறும்போதே கத்தியது: "சான்ஸே! வணக்கம் சான்ஸே!"
திரும்பிப் பார்த்தேன், சாலையில் போலீஸ் யாருமில்லை.
கூப்பிட்டது என்னை.
விளங்காமல் பேசுகிற பெரியவர் என்று
அதற்கு அவர்களாகவே ஓர் அர்த்தம் போட்டிருந்தார்கள்.
திருத்த வாயெடுத்தேன்.
எந்தச் சொல்லால்?

இரண்டு தட்டு தட்டினேன், தகரத்தில்.
அது மட்டும் ஒடிபோவுக்குப் புரிந்தது.
வண்டி கிளம்பியது.